முனியாண்டி அண்ணனுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை

4 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குக் காப்பி இரண்டு தரம். அடுத்த வாரச் சனிக்கிழமை ஹோட்டலில் கல்யாண டின்னர். அதற்குள் குரல் திரும்பியாக வேண்டும், முருகா.

ஆபீஸில் விசேஷமாக ஒன்றுமில்லை. ஷிப்பிங் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியின் குரல் யாருக்கு வேண்டும்? சனி ஞாயிறு வந்து, கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்தால்தான் நான் ஒரு ஆள்.

சாயங்காலம் வெள்ளையப்பச் செட்டியார் வீடு. மாப்பிள்ளை கார்த்திக்கின் அப்பா. அறிமுக உரையில் அவரைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, பணம் இருக்கிற வீடு என்று அங்கே ஒரு பொருளும் காட்டிக் கொடுக்கவில்லை, அவர் மனைவி ஆச்சியின் கழுத்து நகையைத் தவிர. வாசலில் பழைய கார். கூடத்தில் மின்விசிறி. காப்பியை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, மணிலெண்டர்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராதீக. மூணு தலைமுறையா லைசன்ஸ் வச்சுச் செய்யிறோம். ஆனா இந்த ஊர்ல அந்த வார்த்தையச் சொன்னா, விளக்குக் கம்பத்துல போன் நம்பர் ஒட்டிட்டுப் போறானே கந்துவட்டி ஆலோங், அவன் மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

"ஃபைனான்சியர்னு போட்டுடலாம் ஐயா."

"ஃபைனான்சியர்." உப்புப் பார்ப்பது போல ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அவருடைய அப்பா பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்கள் சேர்ந்து தொழில் செய்யும் கிட்டங்கியில் பாய் விரித்து, முன்னால் ஒரு மேசைப் பெட்டியை வைத்துக்கொண்டு தொழிலை ஆரம்பித்தவராம். அந்தப் பெயர் கட்டாயம் வரணும் என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துப்போனது.

மேடைக்கு நான் வைத்திருக்கும் சரக்கு (மறக்காமல் இருக்க):
வசதியானவர்: 'வெல்-எஸ்டாப்ளிஷ்ட் ஃபேமிலி'
ரொம்ப வசதியானவர்: 'ப்ராமினன்ட்'
வேலை கிடைக்காத மாப்பிள்ளை: 'யங் ஆன்ட்ரப்ரனர்'
ஏழையாக இருந்து முன்னேறியவர்: 'ஹம்பிள் பிகினிங்ஸ்'
ஏழையாகவே இருப்பவர்: வார்த்தை கிடையாது. 'சிம்பிள் ஃபேமிலி' போட்டு ஒப்பேற்றுவது.

5 நவம்பர், புதன்

குரல் பாதி வந்துவிட்டது.

விடியற்காலையில் உட்கார்ந்து உரையை எழுதி முடித்தேன். மணப்பெண் தாரணி போனில் சொன்னதை வைத்து அவள் பக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். அம்மா தவறிவிட்டார். அப்பா முனியாண்டி, டத்தோ கிராமாட் ஃப்ளாட். பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் எஸ்டேட். நகராட்சிக் கவுன்சிலில் லோங்காங், அதாவது சாக்கடைச் செக்‌ஷன். மற்றவர்கள் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுக்கும் குழு. இவர்தான் அதற்குத் தலைவர், 'கெப்பாலா'. இப்போது ஓய்வு.

லோங்காங் என்று ஹோட்டல் மேடையில் எப்படிச் சொல்வது? ஐந்து நிமிஷம் யோசித்தேன். வந்தது பாருங்கள் வார்த்தை: 'எ டிஸ்டிங்க்விஷ்ட் ரிடையர்ட் சிவில் சர்வன்ட்'. பொய் இல்லை. கவுன்சில் வேலை பொது வேலைதானே. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், அடேயப்பா, என்ன எடுப்பு.

டின்னர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு வீட்டாரும் கட்டைவிரல், கைகூப்பு, பூ எல்லாம் அனுப்பினார்கள். முனியாண்டி அண்ணன் அந்தக் குழுவில் இல்லை. அவருக்கு வாட்ஸ்அப்பில் இருப்பது ஒரே குழு, பழைய வேலைக் கூட்டாளிகளுடையது.

இரவுச் சாப்பாடு: ரசம், பொரித்த கெம்போங் மீன்.

6 நவம்பர், வியாழன்

மழை விட்டது. புழுக்கம்.

என் மனைவி சாந்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகச் சிரிப்பு. படிவம் நான்கு, பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு இந்த வாரம் அவள் நடத்தும் பாடம், பணமும் வர்க்கமும் பற்றிப் பேச இங்கிலீஷ் வார்த்தைகள். பலகையில் இரண்டு பக்கமாக எழுதிப் போட்டாளாம். இந்தப் பக்கம் அஃப்ளூவன்ட், வெல்-ஆஃப், வெல்-டு-டூ, ப்ராஸ்பரஸ், வெல்-ஹீல்ட். அந்தப் பக்கம் நீடி, டிப்ரைவ்ட், அண்டர்ப்ரிவிலெஜ்ட். நடுவில் மிடில் கிளாஸ்.

"யாரெல்லாம் மிடில் கிளாஸ்னு கேட்டேன். மொத்த வகுப்பும் கையத் தூக்கிருச்சு. பெரிய காருல வந்து இறங்கறதும் தூக்குது, இலவசக் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கிறதும் தூக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

"நீ என்ன பண்ணினே?"

"நானும் தூக்கிட்டேன்லாஹ்."

பிறகு அவள் சொன்ன ஒன்றை எழுதி வைக்கிறேன். இந்தப் பக்க வார்த்தைகளை ஒருத்தன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூச்சத்தோடாவது சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஃபாரத்தில் அடுத்தவன் போடும் வார்த்தை. எவனாவது 'ஐ ஆம் அண்டர்ப்ரிவிலெஜ்ட்' என்று கை நீட்டி அறிமுகம் செய்துகொள்வானா? பி-ஃபார்ட்டி, குறைந்த வருமானக்காரன் என்று வேண்டுமானால் சொல்வான், அதுவும் உதவித்தொகைக்கு மனுப் போடும்போது.

கெட்டிக்காரி. இவளைக் கட்டியது நான் செய்த புண்ணியம். சொன்னால் தலைக்கு ஏறிவிடும், சொல்லவில்லை.

7 நவம்பர், வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

மத்தியானம் தாரணி போன். அழுது முடித்த குரல். நான் குழுவில் போட்ட உரையை அவளுடைய மாமா ஒருவர் பெருமைப்பட்டு முனியாண்டி அண்ணனின் கூட்டாளிகள் குழுவுக்கு அனுப்பிவிட்டார். இன்று காலை அண்ணன் வழக்கமான கோப்பிக் கடைக்குப் போயிருக்கிறார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று, அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதருக்கு வைப்பது போல மலாயில் காலை வணக்கம், "செலாமாட் பாகி, டத்தோ!" பாக் டின் நாற்காலியைத் துடைத்துப் போட்டாராம். ஆ ஹுவாட் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தானாம். 'டிஸ்டிங்க்விஷ்ட்' வாயில் நுழையாமல் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிச் சிரிப்பு. காப்பி வந்தால், "டத்தோவுக்குச் சீனி போடலாமா?"

அண்ணனும் சிரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மகளிடம் சொன்னது: "கோவில்ல தாரை வார்க்க வருவேன். ராத்திரி டின்னர்ல அந்த மார்ச்-இன்னுக்கு நான் வரலை. பின்னாடி மேசையில நம்ம ஆளுங்களோட உக்காந்துக்கறேன்."

"அம்மாவும் இல்லை அங்கிள். அப்பா கையப் புடிக்காம அவ்ளோ பெரிய ஹாலுக்குள்ள நான் எப்படி நடந்து வருவேன்? அப்பா வரலைன்னா எனக்கு மார்ச்-இன்னே வேணாம்."

 சரி செய்கிறேன் என்றேன். வாய் மட்டும் நீளம் எனக்கு.

சாந்தியிடம் உரையைக் காட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "டிஸ்டிங்க்விஷ்ட்? ஏங்க, உங்களுக்கு மைக்கக் குடுத்தவனைச் சொல்லணும்."

9 நவம்பர், ஞாயிறு

காலை வெயில். துணி காய்ந்தது.

டத்தோ கிராமாட் போனேன். பத்தாவது மாடி, லிஃப்ட் வேலை செய்தது, புண்ணியம். முனியாண்டி அண்ணன் கைலியோடு கதவைத் திறந்தார். நெட்டையான மனிதர். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். "வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்றார். தாரணி எனக்கு ரொட்டியும் பருப்பும் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவை முழுசாகச் சாத்தாமல் நின்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். சும்மா கையை ஆட்டினார்.

"சிவில் சர்வன்ட்னா என்ன தம்பி?"

"அரசாங்க உத்தியோகம் பார்த்தவங்க அண்ணே."

"அப்பச் சரியான வார்த்தைதான். நீங்க பொய் சொல்லலை." ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அன்னிக்கு என் மேசையில உக்காரப் போறவன் பூரா அதே வேலைதான். பாக் டின், ஆ ஹுவாட், நம்ம சேகரு. ஒரே லோங்காங்ல இறங்கி ஒரே தண்ணியில குளிச்சவனுங்க. நான் சிவில் சர்வன்ட்னா அவங்க யாரு? என்னை மட்டும் ஒரு படி மேல தூக்கி வச்சா அவங்க ஒரு படி கீழ போயிர மாட்டாங்களா? அவனுங்க சிரிச்சது எனக்குக் கஷ்டமில்லை. சேகரு மட்டும் சிரிக்கலை. அதான்."

எனக்கு வாயில் ரொட்டி அப்படியே நின்றுவிட்டது. இந்த ஆளுக்கு லோங்காங்கைச் சொல்ல வெட்கம் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன்! அவருக்கு அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. ஊர் முழுக்க வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் இவர்கள் நின்ற கதையைத் தாரணிதான் போனில் சொன்னாள், இவர் வாயிலிருந்து அது வரவில்லை.

"அப்ப என்னன்னு சொல்லட்டும் அண்ணே? கெப்பாலான்னு சொல்லட்டுமா?"

"அதுவும் அவங்களுக்கு மேலதானே தம்பி. பேரச் சொல்லுங்க. எங்க அப்பன் வச்ச பேரு. அது போதும்னா நான் நடந்து வரேன். வேற ஒரு வார்த்தை சேர்ந்தாலும் நான் என் மேசையில இருக்கேன்."

அறைக் கதவு லேசாக ஆடியது. சரிதான், சுலபமாக முடிந்தது என்று படியிறங்கினேன். (லிஃப்ட் அதற்குள் நின்றுவிட்டது.)

வாங்க வேண்டியது: தொண்டை மாத்திரை. கறுப்பு சாக்ஸ். சாந்திக்கு மல்லிகை.

12 நவம்பர், புதன்

சுலபமாக முடியவில்லை.

செட்டியாரிடம் போய்ச் சொன்னேன். பெண்ணின் அப்பாவுக்குப் பெயர் மட்டும். அவர் முகம் மாறிவிட்டது.

"எப்பிடித் தம்பி? எனக்கு அரைப் பக்கம், எங்க ஐயா, கிட்டங்கி, ஃபைனான்சியர். அவுகளுக்குப் பேரு மட்டுமா? சபையில இருக்கறவுக என்ன நினைப்பாக? 'செட்டியார் வீட்டுல சம்பந்திய மட்டந்தட்டிட்டாக'ன்னு சொல்ல மாட்டாகளா?"

ஆச்சியும் அதே பேச்சு. "ஒரு வருஷம் நான்தான் இந்தக் கல்யாணம் வேணாம்னு நின்னேன். இப்ப அந்தப் பொண்ணு இல்லாம எனக்கு முடியாது. பொண்ணு வீட்டைக் கொறைச்சுப் பேசிட்டாகன்னு ஒரு சொல்லு வந்தா நான் எங்க போயி முகத்தை வச்சுக்குவேன்?"

என்ன மாதிரி மனிதர்கள் இவர்கள்! சம்பந்தி சின்னவராகத் தெரிந்துவிடக் கூடாது என்று பணம் இருப்பவர் பயப்படுகிறார். கூட்டாளிகள் சின்னவர்களாகத் தெரிந்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கத்தவர் பிடிவாதம். நடுவில் நான்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன், "ஐயா, உங்களுக்கும் கொஞ்சம் குறைச்சுட்டா..."

"எனக்குள்ளத எடுத்துக்கங்க தம்பி. எங்க ஐயா பேர எப்படி எடுக்கறது? கார்த்தி கல்யாணத்த அவுக பாக்கலையேங்கற குறை எனக்கு இருக்கு. பேராவது மேடையில வரட்டும்."

மேற்கொண்டு கேட்க மனசு வரவில்லை.

கிளம்பும்போது சொன்னார், "நீங்க வார்த்தை படிச்சவுக. ரெண்டு பேருக்கும் ஒத்துவர்ற மாதிரி இங்கிலீஷ்ல ஒண்ணு இல்லாமலா போயிரும்?"

14 நவம்பர், வெள்ளி

மழை. நாளை கல்யாணம்.

முயன்றவை:
'பப்ளிக் சர்வீஸ்': சிவில் சர்வன்ட்டின் தம்பி. வேண்டாம்.
'ஹம்பிள்': அவர் பணிவானவர் என்று நான் யார் சொல்ல?
'சால்ட் ஆஃப் தி எர்த்': சாந்தி காதைப் பொத்திக்கொண்டாள்.
'ப்ளூ காலர்': அவர் போட்டது கவுன்சில் கொடுத்த டீ-சட்டை, அதில் ஏது காலர்.
'ஹார்ட்-வொர்க்கிங் ஃபாதர்': செட்டியார் வேலை செய்யாதவரா?

சாந்தி நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னாள், "நீங்க அவருக்கா வார்த்தை தேடுறீங்க? சபைக்குத் தேடுறீங்க." கோபம் வந்தது. உண்மை என்பதால்தான் வந்தது.

தாரணியிடமிருந்து ஒரே வரி மெசேஜ்: "நாளைக்கு நடந்து வருவாரான்னு தெரியலை, அப்பா வேட்டி மட்டும் தேய்ச்சு வச்சிருக்கார் அங்கிள்." அதைப் பார்த்ததும் ஒரு அட்டையில் அவர் பெயரை மட்டும் எழுதி வைத்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

பத்து மணிக்கு எழுந்தேன். மெதுவாக எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை கோவிலில் ஒரு குறையுமில்லை. தாரை வார்க்கும்போது முனியாண்டி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே விட்டார்.

சாயங்காலம் ஹோட்டல். மேசை மேசையாக வெள்ளை விரிப்பு, மேடையில் ரோஜாச் சுவர். முன் மேசைகளில் செட்டியார் உறவு, கோலாலம்பூர் ஆட்கள், பட்டும் வைரமும். கடைசியில், சமையல்கட்டுக் கதவை ஒட்டி, லோங்காங் மேசை. பாத்தேக் சட்டை பாக் டின், டை கட்டிய ஆ ஹுவாட், சேகர், இன்னும் சிலர். அவர்களுக்கு நடுவில் முனியாண்டி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். வேட்டி, வெள்ளைச் சட்டை.

என் கையில் இரண்டு அட்டை. ஒன்று அரைப் பக்கம். மற்றொன்றில் ஒரு பெயர். செட்டியாரின் ஒப்புதல் இன்னும் இல்லை. வாசலுக்கு வெளியே தாரணி தனியாக, மாலையோடு, கதவையே பார்த்தபடி. ஹோட்டல்காரன் வந்து, "சூப் ஆறுது சார், ஆரம்பிக்கலாமா?"

அப்போது செட்டியார் வாசலிலிருந்து உள்ளே வந்தார். மேடைக்கு வருகிறார் என்று நினைத்தேன். முன் மேசைகளைக் கடந்து, நடு மேசைகளைக் கடந்து, பட்டுவேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராகக் கடைசி மேசைக்குப் போனார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு நானும் ஓடினேன்.

"சம்பந்தி, எனக்கும் பேரு மட்டும்தான். சொல்லிட்டேன். வாங்க."

முனியாண்டி அண்ணன் எழுந்துவிட்டார். "உங்க ஐயா பேரு வரணும்னு தம்பி சொன்னாரே."

"எங்க ஐயா இருந்தா, 'மொதல்ல பொண்ணு தகப்பனைக் கூட்டிட்டு வாடா'ன்னுதான் சொல்லுவாக. வாங்க, பிள்ள தனியா நிக்குது."

அண்ணன் மேசையைப் பார்த்தார்.  சேகர்தான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினான். "போங்கண்ணே. நம்ம புள்ள."

இரண்டு பேரும் சேர்ந்து வாசலுக்கு நடந்தார்கள். நான் மேடைக்கு ஓடினேன். மூச்சு வாங்கியது. விளக்கை அணைத்தார்கள், கதவில் வெளிச்சம். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் மைக்கில் சொன்னதில்லை.

"மிஸ்டர் முனியாண்டி. வித் ஹிஸ் டாட்டர், தாரணி."

அவ்வளவுதான். முன் மேசைகள் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தன. கை தட்டுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அப்போது கடைசியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். லோங்காங் மேசை முழுக்க எழுந்து நின்றது. ஆ ஹுவாட் ஆரஞ்சுத் தண்ணீர் கிளாஸைத் தூக்கி, மூச்சு உள்ளவரைக்கும் இழுத்துச் சீனர் விருந்து வாழ்த்துப் போட்டான், "யாாாாம் செங்!" பாக் டின் மேசையைத் தட்டினார். சேகர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நின்றான். அதைப் பார்த்து பக்கத்து மேசை எழுந்தது, அப்புறம் அதற்கு முன் மேசை. முன்வரிசைப் பட்டுச்சேலைகளும் எழுந்துவிட்டன.

தாரணி அப்பா கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அண்ணன் நேராகப் பார்த்து நடந்தார். எனக்குக் கண் மறைத்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

அடுத்த அட்டையைப் பார்க்கவே இல்லை.

"மிஸ்டர் வெள்ளையப்பன் அண்ட் மிஸஸ் மீனாட்சி. வித் தேர் சன், கார்த்திக்."

முன் மேசைகள் உட்கார ஆரம்பித்திருந்தன. கடைசி மேசை உட்காரவில்லை. செட்டியாரை அவர்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆ ஹுவாட்டுக்கு மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டாவது யாம் செங் முதலாவதைவிட நீளம்.

சாப்பாடு: சூப், ஆட்டுக்கறி, இறால், நெய்ச்சோறு. நான் சாப்பிட்டது இறால் மட்டும். சாந்தி காரில் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அதுவே பெரிய பரிசு.

17 நவம்பர், திங்கள்

குரல் சுத்தமாக இல்லை. ஆபீஸில் சைகை பாஷை.

மத்தியானம் செட்டியார் போன். நன்றி சொன்னார். மணமக்கள் சுங்கை பாக்காப்பில் அண்ணன் வீட்டுக் குலதெய்வக் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றார். பிறகும் போனை வைக்கவில்லை.

"தம்பி, நான் எத்தனையோ விருந்துக்குப் போயிருக்கேன். மேடையில என்னைப் பத்தி எவ்வளவோ படிச்சிருக்காக. கை தட்டுவாக. வெறும் பேரைக் கேட்டு ஒருத்தர் எனக்கு எந்திரிச்சு நின்னது இதான் மொதத் தடவை. அந்தக் கடைசி மேசைல இருந்தவுக பேரெல்லாம் எனக்கு வேணும். ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போயிப் பார்க்கணும்."

குரல் இல்லாத வாயால் ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பெயர் மட்டும்.